மலைக்குள் ஒரு ரைபிள் ஊர்: லித்கோவில் துப்பாக்கி செய்த கதை

வெள்ளவத்தையில் இருக்கிற தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. சிட்னியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது புளூ மவுண்டன்ஸ் மலையைத் தாண்டி லித்கோ என்ற ஊரில் ஒரு துப்பாக்கி அருங்காட்சியகம் பார்த்திருக்கிறார். "அரை நாளில் சுற்றிப் பார்த்து முடிக்கக்கூடிய ஊர். அங்கே போர்க்காலத்தில் இலட்சக்கணக்கில் ரைபிள் செய்தார்களாம். எப்படி முடிந்தது? ஏன் சிட்னியில் செய்யவில்லை? ஒரு ரைபிளின் கட்டையில் ஸ்லாசெஞ்சர் என்ற டென்னிஸ் ராக்கெட் கம்பனியின் பெயரைச் சுருக்கிக் குத்தியிருந்தது. அது என்ன? இதற்கும் எங்கட நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்கிறார்.

கொழும்பில் என் வேலைக்காலம் முழுவதும் டூல் ரூமில்தான், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற பட்டறையில்தான், போனது. அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். துப்பாக்கி என்றாலே நம் ஆட்களுக்கு மனம் சுருங்கும். அது நியாயம்தான், நாம் பட்டது அப்படி. இங்கே நான் சொல்லப்போவது அதைச் செய்த மனிதர்களின் வேலையைப் பற்றி.

முதலில் அந்த ராக்கெட் கம்பனி. நீங்கள் பார்த்தது சரிதான். ஸ்லாசெஞ்சர் கம்பனிக்கு சிட்னியில் ஒரு தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் லித்கோ ரைபிள்களுக்கு மரக்கட்டை செய்து கொடுக்கிற வேலை அவர்களிடம் போனது. யோசித்துப் பார்த்தால் மிகப் பொருத்தமான தெரிவு. மரத்தைப் பதமாக உலர்த்தவும், வளைவுகளை ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் செதுக்கவும் தெரிந்த ஆட்கள் அங்கே ஏற்கனவே இருந்தார்கள்.

கட்டையைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் போகிற பலர் இரும்பைப் பார்க்கிறார்கள், மரத்தைப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் இந்த லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்கு வால்நட் மரம் போடுவார்கள். அவுஸ்திரேலியாவில் அது இல்லை, கப்பலில் வர வேண்டும். ஆகவே முதலில் குயின்ஸ்லாந்து மேப்பிள், பிறகு கோச்வுட் என்று உள்ளூர் மரங்களுக்கு மாறினார்கள். இவை வால்நட்டை விட மென்மையானவை. சுடும்போது ரைபிளின் இரும்பு உடம்பு பின்னால் உதைக்கும், அந்த உதையை மரத்தில் ஒரு சின்ன இடம்தான் தாங்குகிறது. மென்மையான மரம் என்றால் அந்த இடம் நாளடைவில் நசுங்கி, குறி தவறத் தொடங்கும். லித்கோக்காரர் என்ன செய்தார்கள் என்றால், உதை விழுகிற இடத்தில் சின்னச் செப்புத் தகடு இரண்டு பதித்தார்கள். கட்டையைக் கழற்றினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். உள்ளூர்ப் பொருளை வைத்துக்கொண்டு வெளிநாட்டு வரைபடத்தை எப்படிக் கையாளுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, ஏன் லித்கோ?

அது சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தூரத்தில், மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவுஸ்திரேலியாவில் முதன்முதல் உருக்கு உருக்கியதே 1900இல் அங்கேதான். 1869இலேயே மலையில் வளைந்து வளைந்து இறங்கும் ஜிக்ஜாக் ரயில்பாதை போட்டு ரயிலும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலிலிருந்து தூரம். அந்தக் காலத்தில் நகரங்களுக்கு இருந்த பெரிய பயம் போர்க்கப்பல் பீரங்கிதான். மலைக்கு அப்பால் தொழிற்சாலை வைத்தால் எந்தக் கப்பலாலும் எட்ட முடியாது.

துப்பாக்கியை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு வலுத்தது. பிரித்தானியாவுக்கு நெருக்கடி என்றால் தூரத்துக் காலனிகளுக்கு ஆயுதம் கடைசியாகத்தான் கிடைக்கும் என்று அங்கே பலருக்கும் புரிந்துவிட்டது. 1901இல் அவுஸ்திரேலியா ஒரே கூட்டாட்சியாக ஆனபின் இது அரசாங்கத்தின் திட்டமாகவே வந்தது. 1912 ஜூன் 8ஆம் திகதி லித்கோ சிறு ஆயுதத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் ரைபிள்கள் வெளியே வந்தன.

இயந்திரங்கள் வந்தது இங்கிலாந்திலிருந்து அல்ல. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து பிராட் அண்ட் விட்னி கம்பனிக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்தது. பிரித்தானியப் பேரரசின் ரைபிளைச் செய்ய அமெரிக்க மெஷினா என்று அன்று பெரிய முணுமுணுப்பு. ஆனால் காரணம் இருந்தது. இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் அப்போதும் கைவேலை நிறைய. பாகங்களைச் செய்தபின் அனுபவமான பிட்டர் ஒருவர் அரம் பிடித்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை தேய்த்துச் சேர்ப்பார். அமெரிக்கர்களோ, மெஷினிலேயே அளவாக வெட்டிவிட வேண்டும், அரத்துக்கு வேலை வைக்கக்கூடாது என்ற முறையில் ஊறியவர்கள். குறைந்த ஆட்களோடு செய்யலாம் என்று சொன்னார்கள். பரம்பரைத் துப்பாக்கித் தொழிலாளி ஒருவர்கூட இல்லாத சுரங்க ஊருக்கு அந்த முறை மட்டும்தான் சரிவரும்.

இங்கே அளவு சரிபார்க்கிற கருவியான கேஜைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு துளை என்ன விட்டத்தில் இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது என்று வையுங்கள். தொழிலாளியிடம் அதை அளந்து பார்க்கச் சொல்வதில்லை. இரண்டு முனை உள்ள ஒரு உருக்குத் துண்டு கொடுப்பார்கள். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. அவ்வளவுதான். முந்தாநாள்வரை சுரங்கத்தில் மண்வெட்டி பிடித்தவராலும் அதைச் செய்ய முடியும். நூற்றுக்கணக்கான கேஜ்கள் சேர்ந்துதான் ஒரு ரைபிளைக் காவல் காக்கின்றன. ஆனால் அந்தக் கேஜைச் செய்கிறவர் யார்? தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பவர் யார்? அங்கேதான் டூல் ரூம் வருகிறது. நல்ல டூல்மேக்கர் ஒருவர் உருவாக ஐந்தாறு வருடம் பிடிக்கும். காசு கொடுத்து மெஷினை வாங்கலாம், இந்த ஆளை அப்படி வாங்க முடியாது. லித்கோ தன் சொந்தக் கேஜ்களைத் தானே செய்யத் தொடங்கிய நாளைத்தான் அது உண்மையான தொழிற்சாலை ஆன நாளாக நான் எடுத்துக்கொள்வேன்.

எல்லாமே மெஷினும் கேஜும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். குழல் நேராக்குவது கடைசிவரை கண்ணும் கையும்தான். ஏறத்தாழ 25 அங்குல நீளக் குழலைத் துளையிட்டு எடுக்கும்போது அது மயிரளவு வளைந்துவிடும். அதற்கென்று இருக்கிறவர் குழலை வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் தூக்கி உள்ளே பார்ப்பார். பளபளப்பான உள்சுவரில் நிழற்கோடுகள் விழும். கோடு நேராக ஓடினால் குழல் நேர். எங்காவது உடைந்தோ வளைந்தோ தெரிந்தால், அந்த இடத்தைக் கண்டுபிடித்து மெல்ல அமர்த்தி, திரும்பவும் பார்ப்பார். நாள் முழுக்க இதே வேலை. பிறகுதான் உட்சுவரில் சுழல் பள்ளம் வெட்டுவது. இந்த ரைபிளில் ஐந்து பள்ளம், இடப்பக்கமாகச் சுழலும். கடைசியில், வழக்கத்தைவிடக் கூடிய அழுத்தம் தரும் தோட்டா ஒன்றைச் சுட்டுப் பரிசோதித்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். வலப்பக்கத்தில் கிரீடமும், அதன் கீழே லித்கோ என்ற பெயரும், எஸ்எம்எல்ஈ மூன்று என்ற மாதிரியும், ஆண்டும் இருக்கும். .303 தோட்டா, பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி. நம் ஊரில் பெரியவர்கள் "திரீ நோட் திரீ" என்று சொல்வார்களே, அந்தக் குடும்பம்தான் இது.

முதலாம் உலகப்போரை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தொழிற்சாலை புதிது, ஆட்கள் புதியவர்கள், உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. ஊரில் வீடுகள் போதவில்லை. எப்படியோ சமாளித்தார்கள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 1919 முதல் 1938 வரையான காலம். புத்தகங்களில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. போர் முடிந்தது, யாருக்கும் ரைபிள் வேண்டாம். பொருளாதார மந்தமும் வந்தது. ஆட்களை நிறுத்தினார்கள், கடைசியில் சில நூறு பேர்தான் மிஞ்சினார்கள். அந்த வேளையில் தொழிற்சாலையைப் பூட்டி மெஷின்களைப் பழைய இரும்புக்கு விற்றிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலையை எல்லாம் எடுத்தார்கள். செம்மறியாட்டு மயிர் கத்தரிக்கும் கருவியின் கைப்பிடிப் பாகம் செய்தார்கள். பொலிசாருக்குக் கைவிலங்கு, கோல்ஃப் மட்டையின் இரும்புத் தலை, ஸ்பேனர் எல்லாம் செய்தார்கள். ஆயுதத் தொழிற்சாலை கோல்ஃப் மட்டை செய்கிறதே என்று பார்க்கிறவருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் ஆட்டு மயிர் கத்தரிக்கும் கருவி என்றால் சின்ன வேலை இல்லை. வேகமாக ஓடுகிற பற்கள், கடினப்படுத்திய உருக்கு, நெருக்கமான அளவு என்று எல்லாம் அதில் உண்டு. அதைச் செய்துகொண்டிருந்தவரைக்கும் டூல் ரூம் உயிரோடு இருந்தது, பயிற்சிக்கு வந்த பையன்களுக்கும் வேலை இருந்தது. 1929 வாக்கில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி செய்யவும் கற்றுக்கொண்டார்கள். ரைபிளைவிட அது பல மடங்கு சிக்கலான பொருள்.

ஆக, 1939இல் போர் வந்தபோது லித்கோவுக்குத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் "எப்படி முடிந்தது?" என்ற கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான்: அந்த இருபது வருடத்தில் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

1940 மே, ஜூன் மாதங்களில் பிரித்தானியப் படை டன்கர்க் கரையில் ஆயுதங்களை எல்லாம் விட்டுவிட்டு உயிர் தப்பியது. அதற்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து ஆயுதம் வரும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. அங்கிருந்துதான் அவுஸ்திரேலியாவிடம் கேட்டு வந்தது. லித்கோவில் இரவு பகலாக ஷிப்ட் ஓடியது. 1941இல் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியும் அங்கே தயாராகத் தொடங்கியது. மொத்தம் 17,000க்கு மேல் பிரென் செய்தார்கள்.

அந்த நேரத்தில் இங்கிலாந்து இன்னொரு ரைபிளுக்கு, நான்காம் இலக்க மாதிரிக்கு, மாறிக்கொண்டிருந்தது. செய்வதற்கு இலகுவான மாதிரி. கனடாவும் அமெரிக்காவும் அதைத்தான் செய்தன. லித்கோ மாறவில்லை. மாறுவதென்றால் ஆயிரக்கணக்கில் டூல், பாகத்தைப் பிடித்து வைக்கிற ஜிக், கேஜ் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் உற்பத்தி நிற்கும். ஜப்பான் இறங்கி வருகிற நேரத்தில் அதைச் செய்ய முடியுமா? பழைய மாதிரியையே தொடர்ந்தார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதே முடிவைத்தான் எடுத்தது. பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. தொழிற்சாலைத் தளத்தில் நின்ற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஊர் கொள்ளவில்லை. 1942, 43இல் லித்கோவில் மட்டும் சுமார் 6,000 பேர் வேலை செய்தார்கள். வீடுகளில் அறை அறையாக வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒரே கட்டிலில் ஒருவர் ஷிப்ட் முடித்து வந்து படுக்க, மற்றவர் எழும்பி வேலைக்குப் போகிற நிலை. அதற்கு மேல் அங்கே ஆள் சேர்க்க வழியில்லை. அப்புறம்தான் வேலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். பாதர்ஸ்ட், ஒறேஞ்ச், வெலிங்டன், ஃபோர்ப்ஸ், மட்ஜி, கௌரா, யங், டபோ, பார்க்ஸ் என்று கோதுமையும் ஆடும் பழத்தோட்டமும்தான் தெரிந்த நாட்டுப்புற ஊர்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு துணைத் தொழிற்சாலை, ஒவ்வொன்றுக்கும் சில பாகங்கள். குண்டு விழுந்தாலும் எல்லாம் ஒரேயடியாகப் போகாது என்ற கணக்கும் அதில் இருந்தது. உச்சக்கட்டத்தில் எல்லா ஊர்களும் சேர்ந்து சுமார் 12,000 பேர்.

இதில் பெண்கள் பெருந்தொகை. ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள், சிட்னிக்குப் போய் வேலை செய்ய வசதியில்லாத பெண்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள், வேலை அவர்கள் வாசலுக்கு வந்தது. மில்லிங் மெஷின், துளை மெஷின், கேஜ் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். சம்பளம் மட்டும் ஆண்களுக்கு நிகராகக் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் அவர்கள்தான். இலட்சக்கணக்கான ரைபிள் என்று பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை போனால் ரைபிள் பாகங்களில் சின்ன எழுத்து இரண்டிரண்டாக இருக்கும், கவனியுங்கள். ஓஏ என்றால் ஒறேஞ்ச், பிஏ என்றால் பாதர்ஸ்ட், எஃப்ஏ ஃபோர்ப்ஸ், டபிள்யூஏ வெலிங்டன், எம்ஏ லித்கோ. ஒரே ரைபிளில் மூன்று நான்கு ஊர்களின் முத்திரை இருக்கலாம். நூறு மைல் தள்ளி, ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆட்கள் செய்த துண்டுகள் அரம் படாமல் ஒன்றாகப் பூட்டியிருக்கின்றன. நான் முன்னே சொன்ன கேஜ்களின் வேலை அது. 1913இல் தொடங்கி 1950களின் நடுப்பகுதிவரை, இந்த மாதிரி ரைபிள் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேல் வெளியே வந்தது. அதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்.

ஊரைச் சுற்றிய குன்றுகளில் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வைத்தார்கள். அந்தக் கொங்கிரீட் மேடைகள் இன்றும் இருக்கின்றன. விமானிகளை ஏமாற்ற ஒரு பொய்ப் பீரங்கி நிலையும் கட்டினார்கள். கடைசிவரை எந்த விமானமும் வரவில்லை.

அதே மாநிலத்தில் நடந்த நேர்மாறான கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். வொலொங்கொங்கைச் சேர்ந்த எவ்லின் ஓவன் என்ற இருபத்துநாலு வயதுப் பையன் வீட்டிலேயே ஒரு சின்ன இயந்திரத் துப்பாக்கி செய்து 1939இல் இராணுவத்திடம் காட்டினான். வேண்டாம் என்று விட்டார்கள். அவன் படையில் சேர்ந்தபோது துப்பாக்கியை ஒரு சீனிச் சாக்கில் போட்டு வைத்துவிட்டுப் போனான். அது பக்கத்தில் குடியிருந்த வின்சென்ட் வார்டெல் கண்ணில் பட்டது. அவர் போர்ட் கெம்ப்லாவில் லைசாட் உருக்குக் கம்பனியின் மனேஜர். 1941இல் தொம்சன், ஸ்டென் துப்பாக்கிகளோடு சேர்த்து அதைச் சேற்றிலும் மண்ணிலும் போட்டுச் சோதித்தபோது மற்றவை நின்றுவிட, ஓவன் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. சுமார் 45,000 செய்தார்கள். ஒரு தனி மனிதனின் யோசனையும் நாட்டைக் காப்பாற்றலாம். ஆனால் அதைப் பல்லாயிரமாகப் பெருக்க அங்கேயும் தயாரான ஒரு தொழிற்சாலை வேண்டியிருந்தது.

இனி நம்மட தொடர்புக்கு வருகிறேன். 1942 பெப்ரவரி 19இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத் தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் படைதான் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பைத் தாக்கியது. நாலு நாளில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. அன்று மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸோடு மூழ்கிய வாம்பயர் ஒரு அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். அந்த நேரத்தில் இலங்கையைக் காக்க அவுஸ்திரேலியாவின் 16ஆம், 17ஆம் காலாட்படைப் பிரிகேட்டுகள் இங்கே இருந்தன. மார்ச்சில் வந்து ஜூலையில் போனார்கள். மத்திய கிழக்கில் போரிட்டு வீடு திரும்புகிற வழியில் இங்கே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய படைக்கு ரைபிள் செய்து கொடுத்த ஊர்தான் நீங்கள் பார்த்த லித்கோ.

இலங்கையில் ஆயுதத் தொழிற்சாலை இருக்கவில்லை. தேயிலை இயந்திரங்கள் செய்து பழகிய பொறியியல் பட்டறைகள் கொழும்பில் இருந்தன, போர்க்காலத்தில் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் வேலை மலையாகக் குவிந்தது. நாம் கொடுத்தது மூலப்பொருள். மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெரும்பாலும் இலங்கையிலிருந்துதான் போனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பாலை வெட்டி எடுத்தார்கள். அதற்கு முந்திய போரில் காரீயம், அதாவது கிராஃபைட். உலோகம் உருக்குகிற மூசைகளுக்கு இலங்கைக் காரீயத்துக்கு இணை இல்லை. 1916இல் 33,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. கஹட்டகஹவிலும் போகலவிலும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களும், கொழும்பு முற்றங்களில் குந்தியிருந்து காரீயத்தைத் தரம் பிரித்த பெண்களும் அந்தப் பீரங்கிகளுக்கும் ரைபிள்களுக்கும் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

போர் முடிந்ததும் துணைத் தொழிற்சாலைகளை மூடினார்கள் அல்லது விற்றார்கள். ஒறேஞ்சில் இருந்தது குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையாக மாறி, 2016வரை ஓடியது. லித்கோ தையல் மெஷின் செய்தது, பிறகு எஸ்எல்ஆர் ரைபிள், பிறகு ஆஸ்ட்ரிய வடிவமைப்பில் எஃப் 88 ரைபிள். இன்று அந்த இடம் தேல்ஸ் கம்பனியின் கையில், இப்போதும் அங்கே ரைபிள் செய்கிறார்கள். அருங்காட்சியகத்தை நடத்துவது பெரும்பாலும் தொண்டர்கள், அவர்களில் சிலர் உள்ளே வேலை செய்தவர்களே. துப்பாக்கி அடுக்கியிருக்கிற பகுதியோடு திரும்பி வந்துவிடாமல், கேஜ்களும் ஆட்டு மயிர்க் கருவியும் தையல் மெஷினும் வைத்திருக்கிற பக்கமும் போய்ப் பாருங்கள். வயதானவர் யாராவது நின்றால், குழல் எப்படி நேராக்கினீர்கள் என்று கேளுங்கள்.